பாதயாத்திரையில் பறிபோன எண்

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் பெயர் சொல்வதில்லை. கண்டியில் காப்புக் கட்டிப் புறப்பட்ட நேரத்திலிருந்து போய்ச் சேரும்வரை ஆண், பெண், கிழவர் எல்லோரும் சாமிதான். ‘சாமி, தண்ணி இருக்கா?’, ‘சாமி, கொஞ்சம் தள்ளிப் படுங்க.’ ஊர் எது, தொழில் என்ன, வீட்டில் யார் யார் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. வழியில் ஒருவர் வந்து சேர்ந்தால் அவரையும் சாமி என்று கூப்பிட்டுச் சோற்றில் பங்கு கொடுக்க வேண்டும். நான் இருபத்திரண்டு வருடமாகக் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். எதிரே வந்து நிற்பவரிடம் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. அதனால் அந்த வழக்கம் முதல் நாள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

நான் நடக்கப் போனது மகனுக்காக. அவனுக்கு இருபத்து நான்கு வயது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனான். இரண்டாவது வாரமே அவனையும் கூடப் போனவர்களையும் எல்லை தாண்டிக் கொண்டுபோய் ஒரு மதில் சூழ்ந்த இடத்தில் அடைத்துவிட்டார்கள். முகம் தெரியாத ஆட்களை இணையத்தில் ஏமாற்றுவதுதான் அங்கே வேலை. மறுத்தால் அடி. கைப்பேசியைப் பறித்துக்கொண்டார்கள். மாதத்தில் ஒரு தடவை, சில சமயம் இரண்டு மாதத்தில் ஒரு தடவை, யாரிடமாவது கெஞ்சி வாங்கிய போனில் கழிப்பறைக்குள் நின்று ஒரு நிமிடம் பேசுவான். திரையில் எண் விழாது. நாங்கள் அவனுக்குத் திருப்பிப் போன் எடுக்க முடியாது.

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று, என்னுடையது. அப்பாவின் எண் அவன் போனதற்குப் பிறகு மாறிவிட்டது. சினேகிதர்களின் எண்கள் எல்லாம் பறிபோன போனுக்குள் இருந்தன. இணையத்தில் எழுதலாமே என்று பலர் கேட்டார்கள். அங்கே ஒவ்வொரு திரையையும் ஒருவன் பின்னால் நின்று பார்ப்பானாம். கடைசியாகப் பேசியபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: “சாப்பிடுறேன்மா. நம்பர மட்டும் மாத்திறாதம்மா.”

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் கணவர். அவர் லொறி சாரதி. இடுப்பு வலியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

“வச்சுட்டுப் போ. நான் எடுக்குறேன்.”

“எடுத்து என்ன பேசுவீங்க?”

அந்தக் கடைசி அழைப்புக்கு முந்தைய தடவை மகன் போன் எடுத்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். இவர் எடுத்தார். “சொன்னேனா இல்லையாடா? அந்த ஏஜென்ட் கூடப் போகாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா?” என்று கத்தினார். ஈரத் துணியோடு நான் ஓடி வருவதற்குள் அந்த ஒரு நிமிடம் முடிந்துவிட்டது. அன்று முழுக்க அவர் அலுமாரிக் கதவில் நெற்றியை வைத்தபடி நின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இன்னொரு நிமிடத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எடுத்துக்கொண்டு போனேன்.

கள்ளர் பயத்துக்கு எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கட்டிய நூலைப் போட்டுக்கொண்டேன். தோட்டைக் கழற்றி வேப்பங்குச்சி செருகிக்கொண்டேன். போனுக்கு மட்டும் தனி ஏற்பாடு. பழைய பாவாடைத் துணியில் ஒரு பை தைத்து, மழை படாமல் இரண்டு பொலித்தீன் உறைக்குள் போனைப் போட்டு அதில் வைத்து, சட்டைக்குள் இரண்டு ஊக்குகளால் குத்திக்கொண்டேன். மணி அடித்தால் காதுக்கு முன் நெஞ்செலும்புக்குத் தெரியும்.

எங்களைக் கூட்டிப்போனவரைப் பெரிய சாமி என்போம். பத்துப் பன்னிரண்டு தடவை நடந்தவர். புறப்படும் காலையில் கோயில் வாசலில் நிற்க வைத்துச் சொன்னார்.

“கேட்டுக்கங்க. களவெடுக்கிறவனும் நம்ம கூடத்தான் நடப்பான். அவனும் அரோகரான்னுதான் சொல்லுவான். படுக்கிறப்ப பையோட கயித்தக் கால் கட்டைவிரல்ல கட்டிக்கணும். குளிக்கப் போறப்ப பாதிப் பேர் குளிங்க, பாதிப் பேர் சாமான் பாருங்க. அப்புறம் மாத்திக்கங்க. ஒருத்தரும் தனியா ஒதுங்கப்படாது.”

“என் பையில ரெண்டு கோவணமும் ஒரு சவுக்காரமுந்தான் கெடக்கு,” என்றார் பின்னாலிருந்த ஒரு கிழவர். “எடுக்கிறவன் குளிச்சிட்டு நல்லாப் போகட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பேராதனை தாண்டுமுன்பே மழை பிடித்துக்கொண்டது. ஆனி மாதத்து மழை, நிற்காது. ஒவ்வொரு வளைவிலும் போனை வெளியே எடுத்து சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பேன். கிழவர் கவனித்துவிட்டார்.

“என்ன சாமி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நெஞ்சப் பிடிக்கிறீங்க? நெஞ்சு வலியா?”

“இல்லீங்க சாமி.”

“அப்ப உள்ள யாரையோ ஒளிச்சு வச்சிருக்கீங்க.”

கம்பளையில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினோம். ஒரே ஒரு பிளக், அதில் ஒரு நீளக் கம்பி, அதில் பன்னிரண்டு போன்கள். மற்றவர்கள் சொருகிவிட்டுப் போய்ச் சாப்பிட்டார்கள். நான் என் போனைக் கையில் பிடித்தபடி சுவரோரம் குந்தியிருந்தேன். நூறு வீதம் சார்ஜ் காட்டும்வரை எழும்பவில்லை. எனக்குச் சோறு எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை அங்கேதான் ஒரு பெண் வந்து சேர்ந்தாள்.

ஐம்பது வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு, மஞ்சள் சேலை, தோளில் ஒரு துணிப்பை. பேச்சு எங்கள் மலைநாட்டுப் பேச்சுத்தான். “நானும் வரலாமா சாமி?” என்று பெரிய சாமியிடம் கேட்டாள். “வாங்க சாமி,” என்றார் அவர். அவ்வளவுதான் விசாரணை.

அன்று புசல்லாவை ஏற்றத்தில் என் இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டன. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகை ஒன்றில் ஒதுங்கியபோது அவள் கேட்காமலே என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணெய் தடவினாள். நான் காலை இழுத்தேன். அவள் விடவில்லை.

“சாமி காலு, என்ன வெக்கம்?”

ஒருவர் என் காலைத் தொட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. அழுகை வந்தது. அழுகையோடு சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, வழக்கத்தை மீறவில்லை. மகன், மதில், கழிப்பறையில் நின்று பேசும் ஒரு நிமிடம், சட்டைக்குள் இருக்கும் போன், அவனுக்குத் தெரிந்த ஒரே எண். எட்டு மாதமாக அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

மூன்றாம் நாள் முற்பகல், றம்பொடைப் பக்கம் ஏறும் வழியில் ஒரு ஓடை. முழுகி, ஈரத் தலையோடு மேலே உள்ள கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் பெரிய சாமி. முதல் இரண்டு நாளும் நான் முழுகவில்லை. குழாயடியில் கையும் முகமும் கழுவிக்கொண்டேன், அவ்வளவுதான். மூன்று நாள் வேர்வையோடு கோயிலுக்குள் போவதா என்று இருந்தது. சொன்னபடி பாதிப் பெண்கள் குளிக்க, பாதிப் பேர் மேலே பாறையில் சாமான்களோடு உட்கார்ந்தார்கள். அவள் மேலே இருக்கும் பாதியில் இருந்தாள்.

“குடுங்க சாமி,” என்றாள். “நீங்க நல்லா முங்கிட்டு வாங்க. நான் மடியில வச்சிருக்கேன்.”

ஊக்குகளைக் கழற்றினேன். ஒன்று விரலில் குத்தியது. பையை அவள் கையில் கொடுத்தேன். அதற்குள் என் அடையாள அட்டையும் இருந்தது. “மணி அடிச்சா எடுத்துருங்க, என்னையக் கூப்பிடுங்க,” என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. மூன்று தடவை முழுகினேன். மகனின் பெயரைத் தண்ணீருக்குள் சொன்னேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

மேலே வந்தபோது பாறையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். அவள் இல்லை. “ஒதுங்கப் போறேன்னாங்க சாமி,” என்றாள் ஒருத்தி. அவளுடைய துணிப்பை அங்கேயே இருந்தது. அதனால் கொஞ்ச நேரம் நான்கூடப் பயப்படாமல் ஈரத்தைப் பிழிந்துகொண்டு நின்றேன். பிறகு அந்தப் பையைத் திறந்து பார்த்தோம். ஒரு பழைய சேலை, ஒரு சீப்பு, அரைக் கட்டி சவுக்காரம். மேலே தேநீர்க் கடைக்காரர், மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் கம்பளைப் பக்கம் போகிற பஸ்ஸை மறித்து ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்.

பெரிய சாமியின் போனிலிருந்து என் எண்ணுக்கு எடுத்தோம். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவை யாரோ அழைப்பை வெட்டினார்கள். மூன்றாம் தடவை, நீங்கள் அழைக்கும் இலக்கத்துடன் தற்போது தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் சொன்னது. நான் மூன்றையும் கடைசிவரை கேட்டேன்.

“யாருங்க அவங்க? எந்த ஊரு?” என்று பெரிய சாமியைக் கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“நான் எப்படிங்க கேப்பேன்? சாமின்னு வர்றவங்கள யாருன்னு கேக்கிறது பழக்கம் இல்லீங்களே.” அவர் கையைப் பிசைந்தார். “உங்களக்கூட நான் கேக்கலியே.”

அது உண்மைதான்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வயதான சார்ஜன்ட் இருந்தார். நல்ல மனிதர். ஈரத் தலையைப் பார்த்துவிட்டு முதலில் உட்காரக் கதிரையைக் காட்டினார். பிறகு சிங்களத்தில் கேட்டார். எடுத்தவளின் பெயர்? சாமி. ஊர்? தெரியாது. கூட வந்தவரின் பெயர்? பெரிய சாமி. பேனையை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“ஒக்கொம சாமிலாத, மிஸ்?” எல்லோருமே சாமிகளா என்று கேட்கிறார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று இப்படிப் பதில் சொல்பவர்களை நான் எத்தனை தடவை விரட்டியிருப்பேன். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார். பெயருக்கான இடத்தில் ஒரு கோடு போட்டார்.

மற்றவர்கள் நடந்தார்கள். யாத்திரையைப் பாதியில் விடக்கூடாது, கதிர்காமத்தான் பார்த்துக்கொள்வான் என்று பெரிய சாமி எவ்வளவோ சொன்னார். கிழவர் என் கையில் வழிச்செலவுக்குக் கொஞ்சம் காசைத் திணித்துவிட்டுப் போனார். நான் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்தேன். மூன்று நாள் நடந்த தூரம் பஸ்ஸில் ஒரு பிற்பகலுக்குக்கூடப் போதவில்லை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, வீட்டுக்கு, வத்தேகமைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறாமல், மஞ்சள் சேலையோடும் செருப்பில்லாத காலோடும் நேரே போன் கம்பனிக் கிளைக்குப் போனேன். போன் போகட்டும், அதே எண்ணில் புது சிம் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு ஒன்றுதான் என்னை அதுவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

எதிரே இருந்த பெண் பிள்ளை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இது உங்க பேர்ல இல்லியே.”

“என் நம்பர்தாம்மா. ஆறு வருசமாப் பாவிக்கிறேன்.”

“ஒரு ஜென்ட்ஸ் பேர்ல இருக்கு.”

பெயரை வாசித்தாள். என் மகனின் பெயர். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடையாள அட்டை கைக்குக் கிடைத்த சந்தோஷத்தில் அவன் தன் பெயரில் முதல் முதல் எடுத்த சிம் அது. “உங்களுக்கு லேசான நம்பரா எடுத்திருக்கேன்மா,” என்று கொண்டுவந்து கொடுத்தான். நான்தான் அதைப் பாவித்தேன். யார் பெயர் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

“அவங்களக் கூட்டிட்டு வாங்க ஆன்ட்டி. அஞ்சு நிமிஷ வேல.”

“அவன் வெளிநாட்டுலம்மா.”

“அப்ப ஒரு லெட்டர் எழுதி, சைன் வச்சு, பாஸ்போட் கொப்பியோட அனுப்பச் சொல்லுங்க.”

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. வேண்டுமானால் களவு போனது என்று சிம்மைத் தடை செய்துவிடலாம் என்றது. தடை செய்தால் அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு? வராது. வேண்டாம் என்று எழும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து என் காலில் இருந்த கொப்பளங்களைப் பார்த்தார். “நான் வச்சிருந்தா வீட்லயாவது இருந்திருக்கும்,” என்று மெல்லச் சொன்னார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து அந்த எண் சாகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலையாகிவிட்டது. நாள்பட ரீலோட் போட்டுக் காசு நிரப்பாமல் விட்டால் எண்ணையே இல்லாமல் செய்துவிடுவார்களாம். யார் வேண்டுமானாலும் எந்த எண்ணுக்கும் ரீலோட் போடலாம், அதற்கு அடையாள அட்டை கேட்பதில்லை. அதனால் மாதா மாதம் வத்தேகமைக் கடைவீதியில் ஒரு சின்னக் கடையில் போட்டேன். கடைக்காரத் தம்பி முஸ்லிம் பிள்ளை. மூன்றாவது மாதம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“மிஸ், இந்த நம்பர் எந்த நாளும் ஓஃப்லயே ஈக்கி. சும்மா எதுக்கு சல்லியப் போடுற?”

“வேற ஒருத்தர் பாவிக்கிறாங்க தம்பி.”

“யாரு?”

“தெரியாது.”

அவன் ரீலோட்டைப் போட்டான். புதிய போன் ஒன்றில், புதிய எண்ணிலிருந்து, நாளுக்கு இரண்டு தடவை அந்த எண்ணுக்கு எடுப்பேன். காலையில் பஸ்ஸில், மதியம் அலுவலகப் படிக்கட்டில். மூன்று மொழிப் பெண் பேசுவாள்.

நான்காவது மாதம் ஒரு மதியம் மணி அடித்தது. எடுத்தார்கள்.

ஆண் குரல். சிங்களம். பின்னால் வாகன இரைச்சல். யார் என்று கேட்டார். இது என்னுடைய எண் என்றேன். இல்லை, இது என்னுடையது, சிம்மோடு சேர்த்து வாங்கினேன், உள்ளே காசும் இருந்தது, ராத்திரியில்தான் ஓன் செய்வேன், இன்றைக்குத்தான் பகலில் போட்டேன் என்றார். பிறகு தானாகவே, கொஞ்சம் சலிப்போடு, இன்னொன்று சொன்னார். அந்தத் தமிழ்ப் பையன் உங்கள் ஆளா? இரண்டு தடவை எடுத்தான், எண் ஒன்றும் விழவில்லை, என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை, அம்மா அம்மா என்று மட்டும் விளங்கியது, ரோங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எப்போது என்று கேட்டேன். போன கிழமை, ஒரு வாரத்துக்கு முன்னால் என்றார்.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மறுபடி அவன் எடுத்தால் என்னுடைய இந்தப் புது எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் என்ன செய்தேன் என்றால், போனை எங்கே வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். களவு போன சாமான், பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது என்றும் சொன்னேன். அலுவலகத்துச் சிங்களத்தில், அலுவலகத்துக் குரலில் சொன்னேன். மறுமுனையில் வாகன இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

படிக்கட்டிலேயே நின்று அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் சிம்மைக் கழற்றி எறிந்திருப்பார். எந்த மனிதரும் அதைத்தான் செய்வார்.

அன்று வீட்டில், மகன் எடுத்திருக்கிறான், போன கிழமைகூட எடுத்திருக்கிறான் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். “உசுரோட இருக்கான்,” என்றார். இரண்டு தடவை சொன்னார். போய்க் குளித்துவிட்டு வந்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஆள் அவனுக்கு என்ன பதில் சொன்னான் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த மதில்களுக்குள் நின்று, கெஞ்சி வாங்கிய போனில் அம்மா என்று கூப்பிட்டவனுக்கு ஒரு அந்நியக் குரல் சிங்களத்தில் தவறான எண் என்று சொல்லியிருக்கிறது. அவன் நம்பாமல் இன்னொரு தடவையும் எடுத்துப் பார்த்திருக்கிறான். மாற்ற வேண்டாம் என்று அவ்வளவு சொல்லியும் அம்மா எண்ணை மாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பான். பாவம், திட்டக்கூட மாட்டான். இனி ஒரு போன் கிடைப்பதற்காக யாரிடமும் கெஞ்ச மாட்டான். எடுப்பதற்கு அவனிடம் எண் இல்லை.

இப்போதும் காலையில் லொறிக்குப் புறப்படும்போது கணவர் கேட்கிறார், “மறுபடி எடுப்பான்ல?”

“எடுப்பான்,” என்கிறேன். ரீலோட் போடும் நாளில் அவர் போன பிறகு வத்தேகமைக் கடைவீதிக்கு நடந்து, அந்தச் சின்னக் கடை திறக்கும்வரை வெளியே நிற்கிறேன்.